கப்பல் வேலை

"சுவர் பக்கம் திரும்புங்கப்பா. சுவர் எது, ஜன்னல் எதுன்னுகூடவா மறந்து போச்சு?"

பெரியவள் அப்பாவின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்டினாள். ஈர விரிப்பை நீளவாக்கில் சுருட்டி அவர் முதுகுக்கடியில் செருகினாள். உலர்ந்த விரிப்பின் பாதியை அந்த இடத்தில் பரப்பி, மீதியையும் சுருட்டி அதோடு செருகினாள். இனி அவரை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். பழையதை உருவிக்கொண்டு புதியதை இழுத்து விடலாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்துத் தலை நரைத்தவள் அவள். விரிப்பு வண்டியோடு வார்டு வாசலில் நின்று, நர்சுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். கைக்கு இதெல்லாம் பெரிய வேலையே இல்லை. கால்தான் ஒத்துழைக்க மறுத்தது. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள், வலது முழங்காலுக்குள் யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் திருகினார்கள்.

"அம்மாடி!" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"புரட்டறது என்னைய. நீ ஏன் கத்தறே?" என்றார் அப்பா.

வெளியே மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி விரிப்புகள் தொங்கின. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எதுவும் காயவில்லை. சோப்பு வாசனையும் ஈர வாசனையும் ரொட்டி சுடும் வாசனையும் ஒன்றாகக் கலந்து நாசிக்குள் ஏறின. அவள் புருஷன் ஒவ்வொரு விரிப்புக்கும் குனிந்து குனிந்து டீயைக் கொண்டுவந்தார். காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில், தெருவில், மாமனார் வாயில் எல்லாம் அவருக்கு இன்னமும் 'டிரைவர்'தான்.

"இந்த வீட்ல நடக்கறதுக்கு ட்ராஃபிக் போலீஸ் வேணும்" என்று அவள் கையில் கோப்பையைக் கொடுத்தார்.

அப்போது போன் 'டிங்' என்றது. சின்னவளின் வீடியோ.

"சின்னவளா? காட்டு, காட்டு." அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. படுத்த படுக்கையிலேயே தலையைத் தூக்கினார். கால் மணி நேரமாகப் பெரியவள் தூக்கச் சொல்லித் தூக்காத தலை.

வீடியோவில் கப்பலின் மேல்தளம். பாதுகாப்பு ஒத்திகைக்காகக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நடுவில் சின்னவள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கையாட்டினாள். "ஹாய்ப்பா! எங்களை எல்லாம் நிக்க வெச்சு எண்ணறாங்கப்பா!" பக்கத்தில் அவள் புருஷன், இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நாக்கைத் துருத்திக் காட்டினார். அடுத்து சாப்பாட்டுக் கூடம். சின்னவள் இரண்டு கைகளிலும் நாலைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடந்தாள்.

அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "எண்ணறானுங்க. வேலைக்கு வந்திருக்காளா, ஓடிப் போயிட்டாளான்னு எண்ணறானுங்க. தட்டு பாரு, எத்தனை தூக்கறா! இந்த வயசுல அவளுக்கு இது தேவையா? பாவம் சின்னவ."

தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தார். தடவிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். "வந்தா அவளுக்குக் குடுக்கணும். அங்க வயித்துக்குப் போடறானோ இல்லையோ."

பெரியவள் ஈர விரிப்பை வாளிக்குள் போட்டு ஒரு குத்து குத்தினாள்.

"நீ என்னடியம்மா. வீட்ல சும்மா இருக்க" என்றார் அப்பா.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தோளில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு பலகைமேல் ஏறி இறங்கியே வாழ்க்கையை ஓட்டியவர். கப்பல் என்றால் அவருக்கு அரிசி மூட்டை, சிமெண்டு மூட்டை, கங்காணியின் வசவு, மாலையில் வீங்கிப்போகும் பாதம். கப்பலில் ஒருத்தன் சந்தோஷத்துக்காக ஏறுவான் என்று யாராவது சொன்னால், சொன்னவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைப்பார். சின்னவள் முதல்முதலாக, "கப்பல்ல போறேன்ப்பா" என்று வந்து நின்றபோது, "மாப்பிள்ளைக்கு வேலை போனதும் உனக்கு இந்தத் தலையெழுத்தா!" என்று அழுதே விட்டார்.

சின்னவள் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விடுக்கா. அப்படியே நினைச்சுக்கட்டும். எவ்வளவு க்யூட்டா இருக்கு!"

பெரியவள்தான் ஒரு நாள் உண்மையைப் போட்டு உடைத்தாள். "வேலையும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. ஊர் சுத்தப் போயிருக்கா." அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை வந்து பார்க்காம, ஊர் சுத்தறாளா? என் சின்னவளா?" அதோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சூப்பைக் கரண்டியால் ஊட்டினால் கடைவாய் வழியாக வழியவிட்டார். வேறு வழியில்லாமல், "பொய் சொன்னேன்ப்பா. வேலைக்குத்தான் போயிருக்கா. கஷ்டமான வேலை" என்று பெரியவளே தன் வாயால் சொல்ல வேண்டி வந்தது. அப்புறம்தான் ஒரு வாய் இறங்கியது.

ஆக, தங்கச்சி ஜாலியாகச் சுற்ற, அவள் மானத்தை அக்கா காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

சலவைக்கூடத்தின் ஈர சிமெண்டுத் தரையும், கொதிநீர்த் தொட்டியும், நனைந்த விரிப்பு வண்டியும் சேர்ந்து அந்த முழங்காலை எப்போதோ தின்று முடித்திருந்தன. ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தாயிற்று. முதல் தடவை சின்னவள் ஒரு கப்பலில் இருந்தாள். அடுத்த தடவை வேறொரு கப்பலில். கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்த அம்மாவின் முகத்தில் அப்பா டம்ளரை வீசினார். டிரைவர் கை கொடுக்கப் போனால், "மாப்பிள்ளை கையால கழுவிக்கறதுக்கு நான் செத்துப் போயிடலாம்" என்று போர்வையை இறுக்கிக்கொண்டார். பெற்ற மகள் கைதான் வேண்டும் அவருக்கு. இருக்கும் மகள்கள் இரண்டு பேர்.

மூன்றாவது முறை நாள் குறித்தபோது டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இதையும் மாத்தினீங்கன்னா அடுத்த வருஷம்தான். அதுக்குள்ள இந்தக் காலைக் காப்பாத்தப் போய் அந்தக் காலும் போயிடும். அப்புறம் நீங்களும் உங்க அப்பா பக்கத்துல ஒரு கட்டில் போட்டுக்க வேண்டியதுதான்."

சின்னவள் போனிலேயே சத்தியம் பண்ணினாள். "கப்பல் நம்ம ஊருக்குத்தான்க்கா திரும்பி வருது. இறங்கினதும் நேரா உன் வீடுதான். ஒரு மாசம் அப்பாவை நான் பார்த்துக்கறேன். நீ ராணி மாதிரி ஆஸ்பத்திரியில படு."

பெரியவள் பையைத் தயார் செய்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள். இரண்டு நைட்டி, துண்டு, பல் பொடி, செருப்பு. கூட்டும்போதெல்லாம் துடைப்பத்தால் அந்தப் பையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அந்த வீடியோ வந்த அன்று மாலை சின்னவளே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு சூப்பர் நியூஸ்! இறங்காம அப்படியே அடுத்த சுத்துக்குப் போறவங்களுக்குப் பாதி விலையாம். இவர் உடனே புக் பண்ணிட்டார். பால்கனி ரூம்க்கா!"

பெரியவள் அடுப்பை அணைத்தாள். "அப்ப என் ஆபரேஷன்?"

"அது எங்கக்கா ஓடிப் போகுது? முட்டிதானே. இத்தனை வருஷம் தாங்கினது இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா?"

"டாக்டர் சொன்னதை உன்கிட்ட சொன்னேனா இல்லையாடி?"

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. நீயும் அத்தானும் ரிட்டையர்டு. வீட்ல சும்மாதானே இருக்கீங்க. எப்ப வேணா செஞ்சுக்கலாம். எங்களுக்குத்தான் தேதி மாத்த முடியாது. கப்பல் நமக்காக நிக்குமா, சொல்லு? ஆனா அன்னிக்குப் பகல்ல கரையில நிக்கும். மத்தியானம் வந்து அப்பாவைப் பார்த்துட்டுப் போறேன். கோவிச்சுக்காத. என் செல்ல அக்கா இல்ல?"

பெரியவள் போனை வைத்தாள். அதைச் சுவரில் எறிந்திருப்பாள், ஆனால் அது டிரைவர் ஆசையாய் வாங்கிக் கொடுத்தது. கொடியில் தொங்கிய விரிப்பை உருவி, வாளிக்கு மேல் பிடித்து முறுக்கினாள். ஏற்கனவே பிழிந்த துணி. அதிலிருந்து இன்னும் தண்ணீர் வந்தது.

"அது யாரோட கழுத்து?" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு எல்லாமே தமாஷ்தான்."

"தமாஷ் பண்ணலேன்னா நானும் ஒரு துணியை எடுத்துப் பிழிய வேண்டியதுதான். நானே அவகிட்ட பேசறேன்னு சொன்னா விட மாட்டேங்கறே."

"என்ன பேசுவீங்க? 'கொழுந்தியா, கொஞ்சம் பார்த்துச் செய்யும்மா'ன்னு குழைவீங்க. அவ 'அத்தான்'னு ஒரு இழுப்பு இழுத்தா ஐஸ் மாதிரி உருகிடுவீங்க."

"சரி. நாள மாத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமா?"

"நான் பண்ணிக்கறேன்."

"பண்ணு. கடைசி நேரத்துல சொன்னா அவங்களும் திட்டுவாங்க."

"பண்ணிக்கறேன்னு சொல்றேன்ல!"

அவள் பண்ணவில்லை. மறுநாளும் பண்ணவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. போனை எடுப்பாள். எண்ணைத் தேடுவாள். உள்ளேயிருந்து அப்பா, "பெரியவளே, ஈரமாயிடுச்சு" என்று குரல் கொடுப்பார். போனை வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்தால் எடுக்க மனசு வராது. குனிந்து பையைப் பார்ப்பாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

குறித்த நாளும் வந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை ஆபரேஷன். மத்தியானம் சின்னவளும் மேனேஜரும் வந்து இறங்கினார்கள். வெயிலில் கறுத்து, செண்டு மணத்தோடு, கை கொள்ளாத பைகளோடு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவதற்கு ஒரு குட்டிக் கப்பல் பொம்மை, டிரைவருக்கு ஒரு தொப்பி, அக்காவுக்கு வாசனைச் சோப்பு.

"சோப்பு" என்றாள் பெரியவள், அதைக் கையில் வாங்கி.

"கப்பல்ல பாத்ரூம்ல வெப்பாங்கக்கா. தினம் ஒண்ணு. நான் சேர்த்து வெச்சேன், உனக்காக."

"எனக்காக."

மேனேஜர் தலைக்கு மேல் தொங்கிய விரிப்பை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "சகலை, நீங்க ஒரு தடவை வரணும். ரிட்டையர் ஆனப்புறம் மனுஷன் வாழ ஆரம்பிக்கணும். வீட்ல சும்மா உக்காந்திருந்தா துருப்பிடிச்சிடும்."

"ஆமா சகலை" என்றார் டிரைவர். "இங்க ஈரம் வேற ஜாஸ்தி."

சின்னவள் உள்ளே போனதும் அப்பா அவள் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா? விட்டானுங்களா? என்ன கறுப்பு! வெயில்ல நிக்க வெக்கறானுங்க, பாவிங்க." அவள் உள்ளங்கையைத் திருப்பிக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "கை காய்க்கலையே?"

"க்ரீம் குடுப்பாங்கப்பா" என்றாள் சின்னவள். அவள் மட்டும் அப்பாவை 'நீ' என்பாள். "நீ கவலைப்படாத. வேலைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்."

வாசலருகில் மேனேஜர் பெரியவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்பா தலையணைக்கடியிலிருந்து பிஸ்கட்டுகளை எடுத்தார். ஓரம் உடைந்தது, நமுத்தது, எறும்பு வாய் வைத்தது. "தின்னு. யாரும் பார்க்கறதுக்குள்ள தின்னு."

"அப்புறம் சாப்பிடறேன்ப்பா." சின்னவள் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிஸ்கட்டுகள் போர்வைமேலேயே கிடந்தன.

"உங்கக்காவைப் பாரு" என்றார் அப்பா. "வீட்ல சும்மாதான் இருக்கா. நாளெல்லாம் முட்டி வலி, முட்டி வலின்னு முனகறா. உன்னைய மாதிரி வேலைக்குப் போனாத்தானே வலின்னா என்னன்னு தெரியும்? இல்லடி?"

சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அக்கா பின்னால் நிற்கிறாள் என்று தெரிந்தும், அடக்கப் பார்த்தும், அடங்காமல் வந்த சிரிப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள், நீயும் சிரியேன் என்பது போல.

பெரியவள் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, கட்டிலின் மறுபக்கம் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? சின்னவ வேலையை விட்டுட்டா."

"என்னது?"

"கப்பல் வேலையை விட்டுட்டா. இனிமே போக மாட்டா. இங்கதான் இருக்கப் போறா. உங்களைப் பார்த்துக்கப் போறா."

அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் அந்தக் கிழவர், மூட்டை தூக்கிய அந்த மனுஷர், குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். சின்னவளின் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். "விட்டுட்டியா? என் கண்ணு! விட்டுத் தொலை. உப்புத் தண்ணி நமக்கு வேண்டாம். எங்கிட்டயே இரு."

"அக்கா! என்னக்கா விளையாட்டு இது?"

"விளையாட்டுன்னு சொல்லு. அவர்கிட்டயே சொல்லு. 'வேலையே இல்லப்பா, ஜாலிக்குத்தான் போறேன், சாயங்காலம் மறுபடியும் போறேன்'னு உன் வாயால சொல்லு. நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, சூப்பைக் கடைவாயில துடைச்சவ. இப்ப நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

சின்னவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று புருஷனைப் பார்த்தாள்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "அக்கா, சொன்னா கேளுங்க. சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். எங்க பெட்டி, மாத்திரை எல்லாம் ரூம்ல இருக்கு. இப்படித் திடீர்னு பண்ணினா..."

"திடீர்னா? மூணாவது தடவை தேதி வெச்சிருக்கேன். இது திடீரா?" பெரியவளின் குரல் எகிறியது. கொடியில் கிடந்த விரிப்பை ஒதுக்கிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வந்தாள். "வீட்ல சும்மா இருக்கறவ, வீட்ல சும்மா இருக்கறவன்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, அந்தச் சும்மாவை ஒரு மாசம் உங்க பொண்டாட்டி இருந்து பார்க்கட்டும். உங்களுக்கு அவசரம்னா நீங்க போங்க. பால்கனி ரூம்தானே? காலை நல்லா நீட்டிப் படுங்க."

"துறைமுகத்துல நான் இறக்கி விடட்டுமா சகலை?" என்றார் டிரைவர் ரொம்ப மரியாதையாக. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

மேனேஜர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

பெரியவள் சிரமப்பட்டுக் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தாள். இழுத்தபடியே பேசினாள். "கேட்டுக்கோடி. உருட்டும்போது தோளையும் இடுப்பையும் பிடி. கையைப் பிடிச்சு இழுத்தா மூட்டு கழண்டுடும். ஈர விரிப்பைச் சுருட்டி முதுகுக்கடியில செருகு, காஞ்சதை அது பக்கத்துல. ராத்திரி ரப்பர் ஷீட்டை மறந்துடாத. முட்டையை மசிச்சுக் குடு, வெள்ளைக்கரு தொண்டையில சிக்கும். சூப் ஆறினப்புறம் குடு. கத்துவார், பதிலுக்குக் கத்தாத. அந்தக் கயித்துல இருக்கறது காயல, இந்தக் கயித்துல இருக்கறது பாதி காஞ்சிருக்கு."

"அக்கா, எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா." சின்னவள் அழ ஆரம்பித்தாள். அவள் கை இன்னமும் அப்பாவின் கன்னத்தில் சிறைப்பட்டிருந்தது.

"எனக்கும் யாரும் க்ளாஸ் எடுக்கலடி. அந்தச் சோப்பை எடுத்து வெச்சுக்கோ. நிறையத் தேவைப்படும்."

டிரைவர் பையை வாங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. பெரியவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நல்ல காலை முதலில் இறக்கவா கெட்ட காலை முதலில் இறக்கவா என்று வழக்கம்போல் ஒரு கணம் தடுமாறி, கெட்ட காலை இறக்கினாள். கோபம் இறங்கவே இல்லை. ஒரு படி, இன்னொரு படி.

மேலே அப்பாவின் குரல் கேட்டது. "பெரியவ எங்க போறா? பையோட எங்க போறா?"

சின்னவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

பெரியவள் படியில் நின்று, அண்ணாந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "கப்பலுக்குப் போறேன்னு சொல்லுடி!"

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. டிரைவர் சிரிக்கலாமா என்று பார்த்து, வேண்டாம் என்று முடிவு பண்ணினார்.

மேலே அப்பா அலறினார். "கப்பலுக்கா? அவளா? அந்தக் காலை வெச்சுக்கிட்டா? அவளால மூட்டை தூக்க முடியாதுடி! ஐயோ, பாவம்டி பெரியவ! போய்க் கூப்பிடு. கூப்பிடுடி. பாவம்டி அவ!"

பெரியவளின் கை சுவரில் அப்படியே நின்றது. அந்த வார்த்தையை இந்த வீட்டில் தினம் தினம் கேட்டிருக்கிறாள். அது தன் பேரோடு சேர்ந்து வந்து இப்போதுதான் கேட்கிறாள்.

"என்ன, திரும்பிப் போகலாமா?" என்று டிரைவர் பயந்துகொண்டே கேட்டார்.

"நடங்க" என்றாள்.

கீழ்ப்படிக்கு வந்து அவர் குடையை விரிக்கும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சின்னவள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மை கரைந்து கன்னமெல்லாம் கறுப்பு. கூப்பிடத்தான் வந்திருப்பாள் என்று பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா குடுக்கச் சொன்னார்" என்று சின்னவள் கையை நீட்டினாள். "கப்பல்ல வயித்துக்குப் போட மாட்டாங்களாம்."

கையில் அந்த பிஸ்கட்டுகள்.

பெரியவள் வாங்கிக்கொண்டாள். தங்கச்சியின் தலைக்கு மேலே விரல் நீட்டி மாடியைக் காட்டினாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்தது: "சின்னவளே! ஈரமாயிடுச்சு!"

சின்னவள் திரும்பி ஏறிப் போகும்வரை பெரியவள் அங்கேயே நின்றாள். பிறகு மழைக்குள் இறங்கி, குடைக்கடியில் நடந்துகொண்டே ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டாள். நமுத்துப் போயிருந்தது. தலையணை எண்ணெய் நாற்றம் அடித்தது. அடுத்ததையும் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு?" என்றார் டிரைவர்.

"கிடையாது" என்றாள்.